ஒரே பிரஷில் பல நிறம் வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

போட்டோஷாப்பில் கல்யாண ஆல்பம் செய்யும் வேலையில் அடிக்கடி வரும் தேவை இது. பக்கத்தின் ஓரத்தில் கதம்பச் சரம் ஓட வேண்டும். மல்லிகையின் வெள்ளை, கனகாம்பரத்தின் ஆரஞ்சு, மரிக்கொழுந்தின் பச்சை, அரளியின் இளஞ்சிவப்பு எல்லாம் ஒரே இழுப்பில் வர வேண்டும். தை முகூர்த்தங்கள் முடிந்து படங்கள் வந்து குவியும் நாட்களில், எங்களிடம் புதிதாகச் சேரும் பிள்ளைகள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்ததில், திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் சில மட்டுமே என்று தெரிந்தது. அவற்றை அறிகுறிப்படி இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

மெனுப் பெயர்கள் எல்லாம் போட்டோஷாப்பின் இப்போதைய பதிப்புகளில் இருப்பவை. கிம்ப் (இலவசப் படத் திருத்த மென்பொருள்) பயன்படுத்துபவர்களுக்குப் பின்னால் தனிப் பகுதி இருக்கிறது.

## எதற்கும் முன்னால் ஒரு நிமிடச் சோதனை

புதிதாக ஒரு ஆர்ஜிபி (வண்ணப் படத்துக்கான முறை) கோப்பு திறங்கள். 1000 க்கு 1000 பிக்சல் போதும். அதில் ஒரு காலி லேயர் (படத்தின் மேல் வரும் தனி அடுக்கு) போட்டு, அதே பிரஷை அதே அமைப்போடு இழுத்துப் பாருங்கள்.

இங்கே நிறம் சரியாக வந்தால், கோளாறு உங்கள் பழைய கோப்பில் இருக்கிறது. "எந்த நிறம் எடுத்தாலும் சாம்பல்" என்ற தலைப்புக்குப் போங்கள். இங்கேயும் வரவில்லை என்றால் கோளாறு பிரஷில்தான். கீழே வரிசையாகப் படியுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் அமைப்புகளைக் கிளறத் தொடங்கினால் அரை நாள் போய்விடும்.

## அறிகுறி: கலர் பூவை பிரஷாக மாற்றினேன், கறுப்பாகவோ வேறு நிறமாகவோ விழுகிறது

இது கோளாறே இல்லை. எடிட் மெனுவில் உள்ள டிஃபைன் பிரஷ் பிரீசெட், படத்தின் நிறத்தை எடுத்துக்கொள்ளாது. வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். கறுப்பு இருந்த இடம் முழு அழுத்தமாகவும், சாம்பல் இருந்த இடம் பாதி அழுத்தமாகவும், வெள்ளை இருந்த இடம் ஒன்றுமில்லாமலும் ஆகிவிடும். நம் கோல அச்சு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தகரத்தில் இருக்கும் ஓட்டைகளுக்கு வடிவம் மட்டும்தான் தெரியும், எந்தப் பொடியைக் கொட்டுகிறோமோ அந்த நிறம்தான் தரையில் விழும்.

இதே காரணத்தால்தான் மல்லிகையை பிரஷாக்கினால் ஏறக்குறைய எதுவுமே தெரியாது. பூ வெள்ளை, அதனால் அச்சில் அது வெற்றிடம். பிரஷாக்கும் முன் பூவை கண்ட்ரோல் ஐ அழுத்தித் தலைகீழாக்குங்கள். பிறகு லெவல்ஸில் (வெளிச்ச அளவை மாற்றும் அமைப்பு) இதழ்களை நன்றாகக் கறுப்பாக்கி, சுற்றியிருப்பதைச் சுத்த வெள்ளையாக்குங்கள். அதன் பிறகு பிரஷாக்கி, வெள்ளை நிறத்தில் இழுத்தால் மல்லிகை வரும்.

இனி உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

### ஒரே வடிவம், நிறம் மட்டும் மாறினால் போதும் என்றால்

கலர் டைனமிக்ஸ் (இழுக்கும்போதே நிறத்தை மாற்றும் பிரஷ் அமைப்பு) போதும். கீழே ஹ்யூ ஜிட்டர் பற்றிய தலைப்புக்குப் போங்கள்.

### பூவின் உண்மையான நிறங்கள் அப்படியே விழ வேண்டும் என்றால்

சாதாரண பிரஷால் முடியாது. மிக்சர் பிரஷ் வேண்டும். போட்டோஷாப் சிஎஸ்5 முதல் இது இருக்கிறது. பிரஷ் கருவியை அழுத்திப் பிடித்தால் அதே இடத்தில் கிடைக்கும். சாமந்தி போல வட்டமான பூவுக்கு இது அருமையாகப் பொருந்தும்.

மேல் பட்டையில் சிறிய படம் போல ஒரு கட்டம் இருக்கும். அதன் அம்புக்குறியைத் திறந்தால் "லோட் சாலிட் கலர்ஸ் ஒன்லி" என்று ஒரு வரி வரும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பத்துக்கு எட்டுப் பேர் தவறவிடும் இடம் இதுதான். டிக் இருக்கும்வரை பூவிலிருந்து ஒரே ஒரு நிறத்தைத்தான் அது எடுக்கும்.

பிறகு ஓரம் கூர்மையான வட்டப் பிரஷை எடுத்து, அதன் வட்டம் பூவின் விளிம்போடு ஒட்டி நிற்கும் அளவுக்குக் கொண்டு வாருங்கள். பூவின் நடுவில் வைத்து ஆல்ட் அழுத்திக் கிளிக் செய்தால், மேல் பட்டைக் கட்டத்தில் பூ தெரிய வேண்டும். வெட் (ஈரம்) 0, லோடு (பிரஷில் ஏறும் வண்ணம்) 100, ஃப்ளோ (வண்ணம் விழும் வேகம்) 100 என்று வையுங்கள். பிரஷ் செட்டிங்ஸைத் திறக்க எஃப்5. அங்கே ஸ்பேசிங்கை (அடுத்தடுத்து விழும் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) 100 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோங்கள். புது லேயரில் இழுத்தால் பூக்கள் தொடுத்தது போல வரிசையாக விழும். பூவைச் சுற்றிப் பின்னணி நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தால் பிரஷ் பூவைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது. சிறிதாக்கி மறுபடியும் ஆல்ட் கிளிக் செய்யுங்கள்.

### பல வகைப் பூக்கள் ஒரே இழுப்பில் வேண்டும் என்றால்

போட்டோஷாப்பில் ஒரு பிரஷுக்கு ஒரு அச்சுதான். ஒவ்வொரு பூவையும் தனித் தனி லேயரில், இடைவெளி விட்டு இழுத்துச் சேர்ப்பதுதான் வழி. மொத்தம் பத்துப் பதினைந்து பூதான் என்றால் பிரஷே வேண்டாம். மூவ் கருவியில் ஆல்ட் அழுத்திக்கொண்டு பூவை இழுத்து இழுத்துப் பிரதி எடுங்கள், வேலை சீக்கிரம் முடியும். நீளமான சரம் வேண்டும் என்றால் கிம்ப் பகுதியைப் பாருங்கள், அதில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது.

## அறிகுறி: ஹ்யூ ஜிட்டரை 100 வரை ஏற்றியும் நிறம் மாறவில்லை

முதலில் கருவிப்பெட்டியின் அடியில் உள்ள இரண்டு நிறக் கட்டங்களைப் பாருங்கள். மேலே இருப்பது ஃபோர்கிரவுண்ட், கீழே இருப்பது பேக்கிரவுண்ட்.

மேல் கட்டத்தில் கறுப்பு, வெள்ளை அல்லது சாம்பல் இருக்கிறதா? அதுதான் காரணம். ஹ்யூ ஜிட்டர் (கலர் டைனமிக்ஸில் நிறத்தை மாற்றி மாற்றிப் போடும் அளவு) இருக்கிற நிறத்தைத்தான் சுழற்றும். கறுப்பிலும் வெள்ளையிலும் சுழற்ற நிறம் கிடையாது. தெரியாமல் டி எழுத்தை அழுத்தியிருப்பீர்கள், அது இரண்டு கட்டங்களையும் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடும். கனகாம்பர ஆரஞ்சு போல அழுத்தமான நிறம் ஒன்றை எடுத்துவிட்டு இழுங்கள். என் அனுபவத்தில் இந்தப் புகாரில் பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிடும்.

மேல் கட்டத்தில் நிறம் இருந்தும் மாறவில்லை என்றால் எஃப்5 அழுத்திப் பாருங்கள். இடது பக்கம் கலர் டைனமிக்ஸுக்கு நேராக டிக் இருக்க வேண்டும். அந்தப் பெயரே மங்கிக் கிடந்தால், ரப்பரோ குளோன் ஸ்டாம்ப்போ தேர்வில் இருக்கிறது. பி எழுத்தை அழுத்தி பிரஷுக்கு வாருங்கள்.

அடுத்து, அதே பக்கத்தின் அடியில் ப்யூரிட்டி என்று ஒரு அளவு. அது மைனஸ் 100 இல் கிடந்தால் எந்த நிறமும் சாம்பலாகத்தான் விழும். 0 க்குக் கொண்டு வாருங்கள்.

இதற்கு மேல் ஆள் கூப்பிட வேண்டிய அளவுக்கு இந்த அறிகுறியில் ஒன்றும் இல்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஹ்யூ ஜிட்டரை 100 இல் வைத்தால் நீலச் சாமந்தியும் ஊதா இலையும் வரும். இயற்கையாகத் தெரிய வேண்டும் என்றால் ஹ்யூ 3 முதல் 6, பிரைட்னஸ் 10 முதல் 15 போதும். ஒரே செடியில் பறித்த பூக்களுக்குள் இருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

## அறிகுறி: ஒரு இழுப்பு முழுக்க ஒரே நிறம், அடுத்த இழுப்பில்தான் மாறுகிறது

கலர் டைனமிக்ஸ் பக்கத்தின் உச்சியில் "அப்ளை பெர் டிப்" என்ற டிக் எடுபட்டிருக்கிறது. அதைப் போட்டால் பிரஷின் அச்சு விழும் ஒவ்வொரு பதிவுக்கும் நிறம் மாறும். தனித்தனி இலைகள் வரைபவர்கள் வேண்டுமென்றே இதை எடுத்து வைப்பார்கள். இறக்கிக்கொண்ட பிரஷ் தொகுப்புகளிலும் அப்படி வரும்.

### முதல் இரண்டு அங்குலத்தில் நிறம் மாறிவிட்டு, பிறகு ஒரே நிறமாக ஓடுகிறது

ஃபோர்கிரவுண்ட்/பேக்கிரவுண்ட் ஜிட்டருக்குக் கீழே உள்ள கண்ட்ரோலில் ஃபேட் தேர்வாகியிருக்கும். பக்கத்தில் இருக்கும் எண், எத்தனை பதிவுக்குள் நிறம் மாறி முடிய வேண்டும் என்பதைச் சொல்கிறது. 25 என்று இருந்தால் 25 பதிவில் முடிந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரஷ் 100 பிக்சல், ஸ்பேசிங் 25 சதவீதம் என்றால் 25 பிக்சலுக்கு ஒரு பதிவு. 25 பதிவு முடிய 625 பிக்சல். 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல்) பக்கத்தில் அது இரண்டு அங்குலம்தான். 12 க்கு 36 அங்குல ஆல்பத் தாளின் முழு நீளம் 10800 பிக்சல். அந்த நீளம் முழுக்க மஞ்சள் மெல்லச் சிவப்பாக வேண்டும் என்றால் எண்ணை 432 ஆக்க வேண்டும். நீளத்தை, இரு பதிவுகளுக்கு இடையே உள்ள பிக்சலால் வகுத்தால் கிடைப்பதுதான் அந்த எண். பிரஷ் அளவையோ ஸ்பேசிங்கையோ மாற்றினால் மறுபடியும் வகுக்க வேண்டும்.

## அறிகுறி: நிறங்கள் வருகின்றன, ஆனால் கலங்கிச் சேறாகத் தெரிகின்றன

எனக்கு மனசு கேட்காத கோளாறு இது. பூவும் வடிவமும் அழகாக அமைந்திருக்கும், மொத்தமாகப் பார்த்தால் வாடிய மாலை போல இருக்கும். மூன்று காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

### ஸ்பேசிங் குறைவு

பதிவுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் எந்த நிறமும் தனியாக நிற்காது. ஸ்பேசிங் 5, 10 என்று இருந்தால் 90 க்கு மேல் ஏற்றுங்கள். பூக்கள் ஒட்டிக்கொண்டும் இருக்க வேண்டும், நிறம் தனித்தும் தெரிய வேண்டும் என்றால் 80 இலிருந்து 110 வரை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஓப்பாசிட்டியும் ஃப்ளோவும் 100 இல் இருக்கின்றனவா என்று கூடவே பார்த்துவிடுங்கள். கீழ்ப் பூவின் நிறம் மேல் பூ வழியாகத் தெரிந்தாலும் கலங்கல்தான்.

### இரண்டு கட்டங்களிலும் பொருந்தாத நிறங்கள்

மேல் கட்டத்தில் கனகாம்பர ஆரஞ்சு, கீழ்க் கட்டத்தில் மரிக்கொழுந்துப் பச்சை என்று வைத்து ஃபோர்கிரவுண்ட்/பேக்கிரவுண்ட் ஜிட்டரை ஏற்றினால், பாதிப் பூ ஆரஞ்சாகவும் பாதி பச்சையாகவும் வரும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். வருவது அப்படியில்லை. இரண்டுக்கும் இடையில் உள்ள கலவைகள் எல்லாம் வரும். ஆரஞ்சுக்கும் பச்சைக்கும் நடுவில் இருப்பது மங்கிய காக்கி.

அதனால் பக்கத்துப் பக்கத்து நிறங்களை வையுங்கள். மஞ்சளும் சிவப்பும் வைத்தால் இடையில் வருவது ஆரஞ்சு வகைகள், எல்லாம் பூ நிறமே. வெள்ளையும் இளஞ்சிவப்பும் வைத்தால் அரளியின் எல்லாச் சாயல்களும் கிடைக்கும். பச்சை வேண்டும் என்றால் அதைத் தனி லேயரில், கரும்பச்சை ஒரு கட்டத்திலும் இளம்பச்சை இன்னொன்றிலும் வைத்து இழுங்கள். கதம்பம் கட்டுபவர்களும் பூவையும் பச்சையையும் மாற்றி மாற்றித்தானே வைக்கிறார்கள்!

### மிக்சர் பிரஷில் ஈரம் அதிகம்

வெட் அளவு ஏறியிருந்தால் கீழே ஏற்கெனவே உள்ள நிறத்தையும் அள்ளிக்கொண்டு போகும். பூக்கள் தெளிவாக விழ வெட் 0 ஆக இருக்க வேண்டும். 0 ஆனதும் பக்கத்தில் உள்ள மிக்ஸ் மங்கிவிடும், அது சரிதான். "சாம்பிள் ஆல் லேயர்ஸ்" டிக்கையும் எடுத்துவிட்டுக் காலி லேயரில் இழுங்கள்.

## அறிகுறி: மிக்சர் பிரஷ் முதல் இழுப்பில் சரி, இரண்டாவதில் ஒன்றும் விழவில்லை

மேல் பட்டையில் அடுத்தடுத்து இரண்டு சிறு பொத்தான்கள் உண்டு. ஒன்று ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு பிரஷில் வண்ணத்தை நிரப்பும், மற்றது பிரஷைக் கழுவும். கழுவுவது மட்டும் இயங்கிக்கொண்டு, நிரப்புவது அணைந்திருந்தால் இரண்டாவது இழுப்பு காலி. நிரப்பும் பொத்தானை அழுத்திவிடுங்கள்.

ஒரே இழுப்பின் பாதியிலேயே வண்ணம் தீர்ந்துபோனால் லோடு அளவு குறைவு. 100 ஆக்குங்கள்.

## அறிகுறி: எந்த நிறம் எடுத்தாலும் சாம்பல்

லேயர் பேனலில் படத்தின் சிறு கட்டத்துக்குப் பக்கத்தில் மாஸ்க் (லேயரின் சில பகுதிகளை மறைப்பது) கட்டம் இருக்கிறதா? சட்டம் அதைச் சுற்றி இருந்தால் நீங்கள் மாஸ்க்கில் வரைகிறீர்கள். மாஸ்க்குக்குக் கறுப்பு, வெள்ளை, சாம்பல் தவிர எதுவும் தெரியாது. படக் கட்டத்தைக் கிளிக் செய்யுங்கள்.

மாஸ்க் இல்லை என்றால் கண்ட்ரோல் 2 அழுத்துங்கள், சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களில் ஏதாவது ஒன்று மட்டும் தேர்வாகியிருந்தால் சரியாகிவிடும். அதுவும் இல்லை என்றால் இமேஜ் மெனுவில் மோடைப் பாருங்கள். கிரேஸ்கேல் என்றிருந்தால் ஆர்ஜிபி கலருக்கு மாற்றுங்கள். பழைய கறுப்பு வெள்ளைக் குடும்பப் படத்தை ஸ்கேன் செய்து ஆல்பத்தில் சேர்க்கும்போது இது நடக்கும். இன்டெக்ஸ்டு கலர் என்றிருந்தால், ஜிஃப் கோப்பைத் திறந்திருக்கிறீர்கள். அதன் பட்டியலில் உள்ள நிறங்கள் மட்டுமே விழும். அதையும் ஆர்ஜிபி ஆக்குங்கள்.

நிறம் சாம்பலாக இல்லாமல் விசித்திரமாக விழுந்தால் மேல் பட்டையில் பிரஷின் மோடு நார்மலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி: பேனாவை அழுத்தினாலும் நிறம் மாறவில்லை

கண்ட்ரோலில் பென் பிரஷர் தேர்வு செய்து, பக்கத்தில் எச்சரிக்கை முக்கோணம் தெரிந்தால் போட்டோஷாப்புக்கு உங்கள் டேப்லெட் (பேனாவால் வரையும் பலகை) தெரியவில்லை. மவுஸால் வரைபவர்களுக்கு அது எப்போதும் தெரியும். அவர்கள் ஃபேடைப் பயன்படுத்தட்டும்.

டேப்லெட் இருந்தும் முக்கோணம் தெரிந்தால்:

1. போட்டோஷாப்பை மூடி, டேப்லெட்டின் கேபிளைக் கழற்றி வேறு யுஎஸ்பி துளையில் செருகி, பிறகு போட்டோஷாப்பைத் திறங்கள்.
2. விண்டோஸ் கணினி என்றால் டேப்லெட்டின் சொந்த அமைப்புப் பக்கத்தில் விண்டோஸ் இங்க் இயங்குகிறதா பாருங்கள். போட்டோஷாப் அழுத்தத்தை வழக்கமாக அதன் வழியாகத்தான் வாங்குகிறது.
3. டேப்லெட்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை முழுதாக நீக்கி, கணினியை மறுபடி இயக்கி, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிதாகப் போடுங்கள்.
4. பேனாவின் நுனியைப் பாருங்கள். தேய்ந்து சரிந்திருந்தால் மாற்றுங்கள், அது தனியே விற்கும் சிறிய பொருள்தான்.

டிரைவரின் சொந்தச் சோதனைப் பக்கத்திலேயே அழுத்தம் பதிவாகவில்லை, வேறொரு கணினியில் செருகினாலும் அப்படியே என்றால் பேனா அல்லது டேப்லெட் பழுது. இதுதான் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டிய கட்டம். நீங்களே பிரிக்க வேண்டாம்.

## அறிகுறி: நேற்று செய்த அமைப்பு இன்று இல்லை

வேறு பிரஷைத் தொட்ட நொடியில் அதன் அமைப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். கலர் டைனமிக்ஸ் பெயருக்கு நேராக உள்ள பூட்டை அழுத்தி வைத்தால் பிரஷ் மாறினாலும் அந்த அமைப்பு மாறாது. நிரந்தரமாக வேண்டும் என்றால் புது பிரீசெட்டாகச் சேமியுங்கள். சேமிக்கும்போது "இன்க்ளூட் கலர்" டிக்கையும் போட்டால் நிறமும் கூடவே நிற்கும்.

தினமும் காணாமல் போகிறது என்றால், போட்டோஷாப் தன் அமைப்புகளைச் சேமிக்கும் பிரிஃபரன்ஸ் கோப்பு கெட்டிருக்கலாம். அதை அழித்துப் புதிதாக்கும் முன், உங்கள் பிரஷ்களைத் தேர்வு செய்து ஏபிஆர் (போட்டோஷாப்பின் பிரஷ் வகை) கோப்பாக ஏற்றுமதி செய்து வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், இதைச் செய்யாமல் ரீசெட்டைத் தொடாதீர்கள். வருடக்கணக்கில் சேர்த்த பிரஷ்கள் ஒரு நொடியில் போய்விடும்.

## அறிகுறி: இழுத்தால் கோடு பின்தங்கி வருகிறது

ஸ்மூத்திங் அளவைக் குறையுங்கள். அது அதிகமாக இருந்தால் கோடு தாமதமாகத்தான் வரும். பிறகு ஸ்கேட்டரிங்கில் கவுண்டைக் (ஒரே இடத்தில் விழும் பதிவுகளின் எண்ணிக்கை) குறையுங்கள், ஸ்பேசிங்கை ஏற்றுங்கள். மிக்சர் பிரஷ் என்றால் சாம்பிள் ஆல் லேயர்ஸை அணையுங்கள்.

12 க்கு 36 அங்குலம், 300 டிபிஐ என்றால் 8 பிட்டில் ஒரு முழு லேயருக்கே சுமார் 117 மெகாபைட். 16 பிட்டில் இரட்டிப்பு. சரத்தைச் சிறிய தனிக் கோப்பில் வரைந்து, ஆல்பப் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போவது நல்லது. அப்படியும் திணறினால் ராம் கூட்ட வேண்டும். உங்கள் போர்டு எவ்வளவு தாங்கும் என்று கணினி மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

## கிம்ப் பயன்படுத்துபவர்களுக்கு

இங்கே கலர் பிரஷ் உண்மையிலேயே உண்டு. பூவைத் தேர்வு செய்து கண்ட்ரோல் சி அழுத்தினால், பிரஷ் பட்டியலில் கிளிப்போர்டு பிரஷாக அது வந்து நிற்கும், நிறத்தோடு இழுக்கலாம்.

ஜிபிஆர் (கிம்பின் பிரஷ் கோப்பு) ஆகச் சேமித்த பிரஷ் ஒரே நிறமாக விழுகிறதா? சேமித்தபோது படம் கிரேஸ்கேலில் இருந்திருக்கிறது. ஆர்ஜிபிக்கு மாற்றி மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள்.

பூவைச் சுற்றி வெள்ளைச் சதுரம் விழுகிறதா? லேயருக்கு ஆல்ஃபா சேனல் (எந்த இடம் ஊடுருவித் தெரிய வேண்டும் என்பதைக் குறிப்பது) இல்லை. லேயர் மெனுவில் டிரான்ஸ்பரன்சிக்குப் போய்ச் சேர்த்து, வெள்ளையை அழித்துவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள்.

பல பூக்கள் ஒரே இழுப்பில் வேண்டுமா? ஒவ்வொரு பூவையும் ஒரு லேயரில், ஒரே அளவில் வைத்து ஜிஐஎச் (பல படங்கள் கொண்ட பிரஷ்) கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். ரேங்க்ஸில் லேயர்களின் எண்ணிக்கையைப் போட்டு, பக்கத்தில் ரேண்டம் தேர்வு செய்தால் பூக்கள் கலந்து விழும், இன்கிரிமென்டல் தேர்வு செய்தால் வரிசையாக விழும். ஒரே பூ மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் ரேங்க்ஸ் எண் 1 ஆக இருக்கும். மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று மூன்று லேயர் வைத்து இன்கிரிமென்டலில் இழுத்துப் பாருங்கள். கதம்பச் சரத்துக்கு எனக்குத் தெரிந்து இதைவிட எளிய வழி இல்லை.

கிரேடியன்ட் நிறம் பாதியிலேயே நின்றுவிடுகிறதா? டைனமிக்ஸில் "கலர் ஃப்ரம் கிரேடியன்ட்" தேர்வான பிறகு, ஃபேட் நீளத்தைக் கூட்டுங்கள். அல்லது ரிப்பீட்டை முக்கோண அலைக்கு மாற்றுங்கள். நிறம் போய்த் திரும்பி வரும்.

## அறிகுறி: திரையில் பளிச், அச்சில் மங்கல்

கிளிப்பச்சை, ராணி பிங்க், மின்னும் நீலம் மூன்றும்தான் பெரும்பாலும் அடிபடும். ஆஃப்செட் அச்சுக்குப் போகும் அழைப்பிதழ் என்றால் வரையும்போதே கண்ட்ரோல் ஒய் அழுத்தி அச்சில் எப்படி வரும் என்று பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஒய் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அச்சுக்குள் அடங்காத இடங்கள் சாம்பல் திட்டாகத் தெரியும். அந்த இடங்களில் சாச்சுரேஷனைக் குறையுங்கள்.

ஆல்பம் லேப் என்றால் அவர்கள் கேட்கும் புரொஃபைலை (நிறங்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் தகவல்) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பல லேப்கள் எஸ்ஆர்ஜிபிதான் கேட்கும். புரொஃபைல் சரியாக இருந்தும் எல்லாப் படங்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, நீலமாகவோ மஞ்சளாகவோ வந்தால் உங்கள் மானிட்டரைச் சந்தேகப்படுங்கள். மானிட்டரின் நிறத்தைச் சரிப்படுத்தும் காலிபிரேட் கருவி வைத்திருப்பவரைக் கூப்பிட வேண்டியது அப்போதுதான். அதற்கு முன்னால், சரம் இருக்கும் பகுதியை மட்டும் 4 க்கு 6 அளவில் வெட்டி லேபுக்கு அனுப்பி ஒரு பிரின்ட் போட்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் திரையோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.